மதுரை வட்டார வீடுகளில் தூசி அகற்றும் முறைகளின் வரலாறு

வீட்டுத் தூசி அகற்றுதல் என்பது கூரை, சுவர், தரை, பொருள்கள் ஆகியவற்றில் படியும் நுண்ணிய மண், புகைக்கரி, நூல் நார், தோல் செதில் போன்றவற்றை நீக்கும் பணியாகும். மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் இப்பணி வீட்டின் கட்டுமானத்தோடு சேர்ந்தே மாறி வந்துள்ளது. மண் தரைக்காக உருவான பழைய முறையில் துடைப்பமும் ஈரமும் இணைந்திருந்தன. தரை சிமெண்டாக மாறிய பின்னும் துடைப்பம் தொடர்ந்தது. ஈரத்தின் பங்கு குறைந்தது. இக்கட்டுரை பசுமலைப் பகுதியை மையமாகக் கொண்டு இம்மாற்றத்தை விளக்குகிறது.

நிலமும் காற்றும்

பசுமலை, மதுரை நகரின் தென்மேற்கே, திருப்பரங்குன்றம் வழியாகத் திருமங்கலம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் மதுரைச் சமவெளி இருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று இங்கு மழையைவிடக் காற்றையே மிகுதியாகக் கொண்டு வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று, உழுது போட்ட புஞ்சைகளிலிருந்தும் வறண்ட கண்மாய்களிலிருந்தும் மண்ணை வாரி வீட்டுக்குள் சேர்க்கும். முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்கிறது. ஆகவே ஆண்டின் பெரும்பகுதி தூசிக் காலமே.

சொற்களும் கருவிகளும்

காற்றில் பறந்து படிவது தூசி அல்லது தூசு. கூரையிலும் சுவர் மூலைகளிலும் சிலந்தி நூலோடு புகைக்கரி சேர்ந்து தொங்குவது ஒட்டடை. சிலந்தி வலை மட்டும் நூலாம்படை எனப்படும். மதுரை வட்டாரத்தில் பெருக்குவதைக் 'கூட்டுதல்' என்றே சொல்வர்.

கருவிகளும் இடத்துக்கேற்ப வேறுபட்டன. தென்னை ஈர்க்கால் கட்டிய விளக்குமாறு வாசலுக்கும் கொல்லைக்கும் உரியது. வீட்டுக்குள் ஈச்ச ஓலையால் கட்டிய மென்மையான துடைப்பம் பயன்பட்டது. மூங்கில் நுனியில் பழைய துடைப்பத்தைக் கட்டினால் அதுவே ஒட்டடைக் கம்பு. இன்று கடைகளில் விற்கும் பூந்துடைப்பத்துக்கான புல் பெரும்பாலும் வடகிழக்கு இந்திய மலைப்பகுதிகளிலிருந்து வருகிறது.

மண் தரையும் சாண மெழுக்கும்

களிமண்ணைக் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய தரை, நடக்க நடக்கப் பொடியாகும். அதைத் தடுக்கவே சாணத்தைத் தண்ணீரில் கரைத்து உள்ளங்கையால் மெழுகினர். சாணத்திலுள்ள நுண்ணிய நார்கள் மண்துகள்களைப் பிணைத்து, காய்ந்தபின் மெல்லிய ஏடுபோல் தரையை மூடிக்கொள்ளும். மெழுகுதல் சடங்கு மட்டுமன்று. தரையே தூசியாகிவிடாமல் காத்த பராமரிப்பும் ஆகும்.

வாசலிலும் இதே முறைதான். சில வீடுகளில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுவர். சில வீடுகளில் கூட்டியபின் சாணம் கரைத்துத் தெளிப்பர். எப்படிச் செய்தாலும் புழுதியை ஈரம் அடக்கியது. கோலம் அதன் பிறகே.

இவ்வரிசை கோயில்களிலும் இருந்தது. துடைப்பத்துக்கு 'அலகு' என்றொரு பழம்பெயர் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் திருவலகு, திருமெழுக்கு ஆகிய பணிகளைச் செய்வோர் குறிப்பிடப்படுகின்றனர். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர் உழவாரப் படையால் கோயில் வளாகங்களைத் துப்புரவு செய்தவராகப் போற்றப்படுகிறார்.

ஆண்டுத் துப்புரவு

அன்றாடம் கூட்டுவதால் போகாத தூசிக்கு ஆண்டுக்கு இரு தவணைகள் இருந்தன. புரட்டாசியில் ஆயுத பூசை, சரசுவதி பூசையை ஒட்டிப் புத்தகங்களும் தொழிற்கருவிகளும் துடைக்கப்பட்டன. மார்கழிக் கடைசியில் பொங்கலை ஒட்டி முழு வீடும் காலி செய்யப்பட்டது. பரணிலுள்ள பானைகளை இறக்கி, ஒட்டடை அடித்து, சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, இறுதியில் தரையை மெழுகுவர். மேலிருந்து கீழாகச் செல்லும் இந்த ஒழுங்கு முக்கியமானது. தரையை முதலில் சுத்தம் செய்தால், கூரையிலிருந்து விழும் தூசியால் வேலை இரட்டிப்பாகும்.

சுட்ட சுண்ணாம்பை நீரில் நீற்றி, சிறிது நீலம் கலந்து பூசுவர். அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கடினமான வெள்ளைப் படலமாகிறது. உதிரும் மண் சுவரை அப்படலம் மூடியது. அதன் காரத்தன்மை பூஞ்சையையும் கிருமிகளையும் கட்டுப்படுத்தியது.

ரயில், ஆலை, மின்சாரம்

1875இல் மதுரைக்கு ரயில் வந்தது. திருப்பரங்குன்றம் வழியே தெற்கே சென்ற பாதையில் ஓடிய நீராவி எஞ்சின்கள் நிலக்கரித் தூளைப் பரப்பின. 1892இல் தொடங்கிய மதுரா மில்ஸ் என்னும் ஹார்வி ஆலையோடு பஞ்சுத் தூசி நகரவாழ்வின் ஒரு பகுதியானது. திருப்பரங்குன்றத்தை அடுத்த ஹார்விபட்டி, ஆலைத் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்பாகும்.

1930களில் நீலகிரியில் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தின் பெயரைப் பசுமலையை அடுத்த பைக்காரா பகுதி இன்றும் தாங்கி நிற்கிறது. மின்சாரத்தோடு மின்விசிறியும் வந்தது. அதன் இறக்கைகள் தூசி படிய ஒரு புதிய இடமாயின. படிந்ததை அறை முழுவதும் பரப்பவும் செய்தன.

சிமெண்ட் தரையும் உலர்ந்த துடைப்பமும்

20ஆம் நூற்றாண்டில் சிமெண்ட், மொசைக், பின்னர் டைல்ஸ், கிரானைட் தரைகள் பரவின. இவை தாமாகப் பொடியாவதில்லை. எனவே மெழுகும் வேலை இல்லை. ஆனால் வழவழப்பான தரையில் தூசியைப் பிடித்து வைக்கவும் ஒன்றுமில்லை. உலர்ந்த துடைப்பம் பட்டதும் நுண்துகள் எழும்பி, சிறிது நேரம் கழித்து மேசையிலும் அலமாரியிலும் இறங்குகிறது. கரும்பலகையை உலர்ந்த துணியால் துடைத்தால் சுண்ணக்கட்டித் தூள் முகத்தில் பறக்கும். ஈரத்துணியால் துடைத்தால் பறக்காது. பள்ளியில் எல்லோரும் கண்ட இவ்வுண்மையை வீட்டில் பலர் பின்பற்றுவதில்லை.

படுக்கையும் மாறியது. கோரைப்பாய் காலையில் உதறிச் சுருட்டி வைக்கப்பட்டது. அவ்வப்போது வெயிலில் காய்ந்தது. அதன் இடத்தைப் பிடித்த மெத்தையோ ஆண்டுக்கணக்கில் கட்டிலிலேயே கிடக்கிறது.

மருத்துவம் கண்டறிந்தவை

1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். உலர்ந்த சளி கலந்த தூசியால் அந்நோய் பரவக்கூடும் என்று அவரைத் தொடர்ந்த மருத்துவர்கள் அஞ்சினர். இதனால் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பல நாடுகளின் சுகாதாரப் பிரசாரங்கள் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைக் கண்டித்தன. காசநோய் முதன்மையாக நோயாளியின் இருமலில் வெளிப்படும் நுண்துளிகளால் பரவுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

1960களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள், வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்குத் தூசிப் பூச்சி எனும் கண்ணுக்குத் தெரியாத உயிரி முக்கியக் காரணம் என்று காட்டினர். மனிதத் தோல் செதில்களை உண்டு மெத்தை, தலையணைகளில் வாழும் இது, காற்றின் ஈரப்பதத்தை நம்பியே உயிர் பிழைக்கிறது. பாயை வெயிலில் உலர்த்திய பழக்கத்தின் பயன் இதனால் விளங்குகிறது.

உறிஞ்சு கருவி

1901இல் இங்கிலாந்தின் ஹூபர்ட் செசில் பூத், தூசியை ஊதித் தள்ளாமல் உறிஞ்சும் இயந்திரத்தை உருவாக்கினார். 1908இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் மரே ஸ்பேங்லர் வீட்டில் கையாளத்தக்க கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் இதை வீடு வீடாக விற்றுப் பரப்பியது. எனினும் வடிகட்டி சரியில்லாத கருவி நுண்தூசியைப் பின்புறம் வெளியே விடும். தமிழக வீடுகளில் தரைவிரிப்பு குறைவு என்பதால் துடைப்பமும் ஈரத்துணியுமே இன்றும் நிலைத்துள்ளன.

இன்றைய வீட்டுக்கு ஏற்ற முறை

பழைய முறையின் மூன்று கூறுகள் இன்றும் பொருந்துகின்றன.

1. மேலிருந்து கீழ்: ஒட்டடை, மின்விசிறி, அலமாரி, சன்னல், கடைசியில் தரை. மின்விசிறியைத் துடைக்கும்போது மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும்.
2. ஈரம்: நன்கு பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். துணியை அடிக்கடி அலசாவிட்டால் அழுக்கு இடம் மாறுமே தவிர நீங்காது. மின்பொருள்களுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.
3. தவணை: தரைக்கு நாள்தோறும், அலமாரிக்கு வாரம் ஒருமுறை, படுக்கை விரிப்பை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தல், பரணுக்கு ஆண்டுக்கு இருமுறை. ஆடிக்காற்று வீசும் நாள்களில் மேற்குச் சன்னல்களைச் சாத்தி வைப்பது பாதி வேலையைக் குறைக்கும்.

தூசியைச் சுவாசிப்பவர்

மெழுகியதும் கூட்டியதும் பெரும்பாலும் பெண்களே. பரணிலிருந்து விழும் கரியையும் துடைப்பத்திலிருந்து எழும் தூசியையும் முதலில் சுவாசித்தவர்களும் அவர்களே. இன்று பல வீடுகளில் அவ்வேலை வீட்டுப் பணியாளர்களிடம் சென்றுள்ளது. அவர்களுக்கெனத் தமிழ்நாட்டில் 2007இல் நலவாரியம் அமைக்கப்பட்டது. பளபளக்கும் தரைக்காகக் கிரானைட் கல்லை வெட்டி மெருகேற்றுவோர், சிலிக்காத் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோய்க்கு ஆளாகும் ஆபத்தில் இருக்கின்றனர்.

ஆகவே ஒரு துப்புரவு முறை நல்லதா என்பதைத் தரையின் பளபளப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. கூட்டுபவரின் மூக்குக்குள் எவ்வளவு தூசி செல்கிறது என்பதும் அளவுகோலாக வேண்டும். ஒட்டடை அடிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் துணி, குனியத் தேவையில்லாத நீண்ட கைப்பிடி, ஒரு வாளித் தண்ணீர் ஆகிய மூன்றும் அதிகச் செலவில்லாதவை. அவற்றை வாங்கி வைப்பது அவ்வீட்டாரின் பொறுப்பாகும்.