பள்ளி மைதானத்திலிருந்து ரோக்கியோ வரை

1958ஆம் ஆண்டு ஜப்பானின் ரோக்கியோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக் போட்டிகளில் பங்குபற்றிய இவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர்.

பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்சி அவரைச் செப்பனிட்டது உண்மையே. எனினும், அவர் முதன்முதலில் பாயக் கற்றது பள்ளி மைதானத்தில் என்பதை நாம் மறத்தலாகாது.

மிசனரிமார் நிறுவிய கல்லூரிகள் கல்வியோடு விளையாட்டையும் யாழ்ப்பாணத்தில் வேரூன்றச் செய்தன. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி 1904இல் ஆரம்பமானது. சைவப் பாடசாலைகளும் இவ்வழக்கத்தை உவந்து ஏற்றன. வருடந்தோறும் நடைபெறும் இல்ல மெய்வல்லுநர் போட்டியின் சிறப்பு யாதெனில், ஒவ்வொரு மாணவரும் ஏதேனும் ஓர் இல்லத்தைச் சேர்ந்தவர் என்பதே. ஓடத் தெரியாதவனுக்கும் அணிநடையிலோ கயிறிழுத்தலிலோ ஓர் இடம் உண்டு. அந்தப் பெருங்கூட்டத்தின் நடுவிலிருந்தே வீரர்கள் எழுந்தனர்.

போர் இம்மரபைச் சிதைத்தது. இடம்பெயர்வுகளால் பாடசாலைகள் தம் மைதானங்களை இழந்தன. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள் பலர் திறந்த வெளியில் அச்சமின்றி ஓடியதேயில்லை. அத்தகைய மண்ணிலிருந்துதான் வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கமும் புறப்பட்டார். 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவரும் ஒருவர். புனரமைக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கு 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆனால், அரங்கு மட்டும் போதுமா? பாடசாலை விட்டதும் பிள்ளைகள் சைக்கிளில் நேரே ரியூசனுக்கு விரைவதை இன்றும் காண்கிறோம். ஓடியாட வேண்டிய மாலைப்பொழுது வாங்குகளில் கழிகிறது. புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் தம் பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் கிண்ணங்களும் தாராளமாக வழங்குகின்றனர். நன்றிக்குரிய பணி அது. அதனோடு, வெற்றி பெறாத பிள்ளைக்கும் வாரத்தில் இரண்டு மாலைகளையேனும் மைதானத்தில் ஒதுக்கித் தருமாறு பெற்றோரையும் அதிபர்களையும் அவர்கள் கேட்கலாகாதா? எதிர்வீரசிங்கத்தை உருவாக்கிய தலைமுறை அதைத்தான் செய்தது.