பிறவி எண், உழைப்பு எண்: போகிமானின் மறைகணக்கு

ஒரே இனம். ஒரே லெவல். ஒரே தாக்குதல்கள். எதிரெதிரே நிற்கும் இரண்டு டாரோஸ் காளைகளில் ஒன்று எப்போதும் முந்திக்கொள்கிறது. மற்றது எப்போதும் பிந்துகிறது. ஏன் என்று திரை விளக்குவதில்லை. 'சின்னப் பிள்ளைங்க விளையாட்டு, இதுல என்னய்யா அரசியல்?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மேற்பரப்பில் சமத்துவத்தைக் காட்டி, ஆழத்தில் வித்தியாசத்தைப் பதுக்கிவைக்கும் எதையும் நாம் பிரதியாக எடுத்துக்கொண்டு கட்டுடைக்கத்தானே வேண்டும்.

1996 பிப்ரவரியில், நின்டெண்டோவின் கேம்பாய் கருவிக்காக 'சிவப்பு', 'பச்சை' என்ற இரண்டு போகிமான் விளையாட்டுகள் ஜப்பானில் வெளிவந்தன. உருவாக்கியது சதோஷி தஜிரியின் கேம் ஃப்ரீக் நிறுவனம். பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, இரண்டு கருவிகளைக் கேபிளால் இணைத்து மோதவிடுவது ஆட்டம். ஒரு பிராணியின் பலத்தை அதன் லெவலோடு சேர்ந்து மூன்று எண்கள் முடிவு செய்கின்றன. முதலாவது, இனத்துக்கு உரியது. இரண்டாவது, அந்தத் தனிப் பிராணி தோன்றும் கணத்திலேயே அதன்மேல் எழுதப்படுவது: தாக்குதல், தற்காப்பு, வேகம், ஸ்பெஷல் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண். மூன்றாவது, வீழ்த்திய எதிரிகளால் சேர்வது. 65,535 வரை ஏறும். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இவற்றை இன மதிப்பு, தனியுயிர் மதிப்பு, முயற்சி மதிப்பு என்கிறார்கள். இனம், பிறவி, உழைப்பு. திரையில் தெரிவதோ கடைசி விடை மட்டும்தான்.

உழைப்பைப் பற்றிய கதையாடல் பொய்யல்ல. காட்டில் பிடித்த பிராணியைவிட, சண்டையிட்டே அதே லெவலுக்கு வந்த பிராணி பலமானது. மிட்டாய் கொடுத்து லெவல் ஏற்றியது அதனிடம் தோற்கும். இதைச் சிறுவர்கள் கணக்குத் தெரியாமலே கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். 100ஆம் லெவலில் உழைப்பு ஒரு திறனுக்குத் தருவது அதிகபட்சம் 63 புள்ளி. பிறவி தருவது 30. உழைப்பின் பங்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் உழைப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த முதல் விளையாட்டுகளில் எந்தப் பிராணியும் எல்லாத் திறனிலும் அந்த வரம்பைத் தொடலாம். போட்டிக்கு வருகிற எல்லோரும் தொட்டுவிட்டே வருகிறார்கள். எல்லோரும் முழுதாக உழைத்து முடித்த இடத்தில் மிஞ்சுவது பிறவி மட்டும்தான். வேகத்தில் 15 வாய்த்த டாரோஸுக்கு 318. 14 வாய்த்ததற்கு 316. வேறெதுவும் குறுக்கிடாவிட்டால் முதல் அடி 318க்குத்தான். அந்த இரண்டு புள்ளியை எவ்வளவு உழைத்தும் ஈடுகட்ட முடியாது.

1999 நவம்பரில் 'தங்கம்', 'வெள்ளி' வந்தன. பிராணிகளுக்கு ஆண், பெண் என்ற பால் பிரிவு பரவலானது அப்போதுதான். அதற்குப் புதிய இடம் ஒதுக்காமல், தாக்குதலின் பிறவி எண்ணிலிருந்தே பாலை வாசித்தார்கள். சரிபாதி இனங்களில் 0 முதல் 7 வரை பெண். 8 முதல் 15 வரை ஆண். ஆக, பெண் டாரோஸ் கிடையாது என்பதுபோல, முழுத் தாக்குதல் வாய்த்த பெண்ணும் இருபால் இனங்களில் கிடையாது. சரிபாதி இனங்களில், 100ஆம் லெவலில் மிகச் சிறந்த பெண்கூட 16 புள்ளி பின்தங்கியே நிற்கும். பழைய விளையாட்டிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பிராணிகளுக்கும் இதே கணக்கில்தான் பால் தரப்பட்டது. யாரும் பெண்ணைத் தாழ்த்தணும்னு உட்கார்ந்து திட்டமிட்டதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பைட் இடத்தில் எல்லாவற்றையும் அடக்கிய சிக்கனம், 'பெண் பலம் குறைந்தவள்' என்ற பழைய வாக்கியத்தைத் தன்போக்கில் எழுதிவிட்டது. கருத்தியல் வேலை செய்வது பெரும்பாலும் இப்படித்தான்.

2002இல் 'ரூபி', 'சஃபையர்' விளையாட்டுகள் பாலைத் திறன் எண்களிலிருந்து பிரித்தன. பிறவி எண் 0 முதல் 31 வரை ஆனது. உழைப்புக்கு மொத்தமாக 510 என்ற கூரை போடப்பட்டதால் எல்லாவற்றிலும் உச்சம் தொடுவது முடியாமல் போனது. இதற்குள் ஆட்டக்காரர்கள் மறைகணக்கை முழுதும் பிரித்தெடுத்துவிட்டார்கள். ரகசியம் உடைந்தால் ஜனநாயகம் வரும் என்பது நம் நம்பிக்கை. இங்கே வந்தது பொறுக்கியெடுக்கும் பண்ணை: நூற்றுக்கணக்கில் முட்டை பொரித்து, 31 இல்லாத குஞ்சுகளைக் கழித்துவிடுவது. அறிவு அதிகாரத்தைக் கலைக்கவில்லை, கூர்மையாக்கியது.

2016இன் 'சூரியன்', 'நிலா' ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தன. 100ஆம் லெவலை எட்டிய பிராணி, ஒரு பாட்டில் மூடியைக் கொடுத்துப் பயிற்சி பெற்றால், குறைந்த பிறவி எண்ணோடும் 31 உள்ளதைப்போலவே சண்டையிடலாம். 2022இல் அந்த வரம்பு 50ஆம் லெவலுக்கு இறங்கியது. நல்லதுதான். ஆனால் பதிவேட்டில் பழைய எண் அப்படியே இருக்கிறது. அந்தப் பிராணி ஈனும் முட்டைக்குப் போவது பயிற்சியால் பெற்ற 31 அல்ல, பிறவியில் எழுதப்பட்ட அந்தப் பழைய எண்.

களத்தில் சமம், பரம்பரையில் அதே எண். இதைச் சீர்திருத்தம் என்று கொண்டாடுவதற்கு முன், பதிவேட்டைத் திறந்து பார்க்கக் கேட்போம்.