சான்பிரான்சிஸ்கோ பள்ளிகளும் சீனக் குழந்தைகளும்

கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி கேட்டுக் கடல் கடந்து வந்த சீனர்களின் பிள்ளைகளுக்காக, 1859-இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் தனியாக ஓர் அரசுப் பள்ளியைத் திறந்தது. 1871-இல் அதற்கான பணத்தை நிறுத்தியது. மற்றவர்களைப் போலவே சீனர்களும் வரி கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அடுத்த 14 ஆண்டுகள் அவர்கள் குழந்தைகளுக்கு நகரின் அரசுப் பள்ளி எதிலும் இடமில்லை. கிறித்தவ மிஷன் வகுப்புகளையும் வீட்டு ஆசிரியர்களையும் நம்ப வேண்டியிருந்தது.

இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது ஒரு சீனக் குடும்பம். ஜோசப் டேப், மேரி டேப் தம்பதியின் மகள் மேமி அமெரிக்காவிலேயே பிறந்தவள். 1884-இல், எட்டு வயதான அவளைச் சேர்த்துக்கொள்ள ஸ்பிரிங் வேலி பள்ளியின் தலைமையாசிரியை ஜென்னி ஹர்லி மறுத்தார். 1885 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் மேமிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உடனே சட்டமன்றம், சீனர்களுக்குத் தனிப்பள்ளி நடத்தலாம் என்று அவசர அவசரமாகச் சட்டத்தைத் திருத்தியது. தீர்ப்பை நம்பி மறுபடி பள்ளிக்குப் போன சிறுமியை, அம்மை குத்திய சான்றிதழ் இல்லை, வகுப்பு நிரம்பிவிட்டது என்று காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். சீனப் பள்ளிக்கு மகளை ஒருநாளும் அனுப்ப மாட்டேன் என்று தாய் மேரி கல்வி வாரியத்துக்குக் காரமாக எழுதிய கடிதம் செய்தித்தாளிலும் வந்தது. ஆனால் கடைசியில் மேமி படித்தது அந்தச் சீனப் பள்ளியில்தான்.

1906-இல் ஜப்பானியப் பிள்ளைகளையும் அங்கேயே அனுப்ப நகரம் உத்தரவிட்டது. ஜப்பான் அரசு கண்டித்தது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டதும் உத்தரவு கைவிடப்பட்டது. சீனப் பிள்ளைகளுக்காக அப்படிக் குரல் கொடுக்க வலுவான அரசு எதுவும் இல்லை. அந்தப் பள்ளியில் 1926-இல் ஆலிஸ் ஃபாங் யூ ஆசிரியரானார். நகரின் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியமர்த்தப்பட்ட முதல் சீன அமெரிக்கர் அவர். தனிப்பள்ளிச் சட்டம் 1947-இல்தான் நீக்கப்பட்டது.

1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு சீனக் குடும்பங்கள் பெருமளவில் வந்தன. பள்ளிகளில் இப்போது இடம் கிடைத்தது, பாடம்தான் புரியவில்லை. ஆங்கிலம் தெரியாத சீன மாணவர்களில் ஏறத்தாழ 1,000 பேருக்குக் கூடுதல் ஆங்கிலப் பயிற்சி இருந்தது, சுமார் 1,800 பேருக்கு எதுவும் இல்லை. பெற்றோர்கள் 1970-இல் தொடுத்த வழக்கு, 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' என்ற பெயரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் கொடுத்துவிட்டால் அது சமத்துவமாகிவிடாது என்று 1974 ஜனவரியில் நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினார்கள். 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டமே தீர்ப்புக்கு அடிப்படை. எந்த முறையில் கற்பிப்பது என்பதை மட்டும் நீதிமன்றம் சொல்லாமல் விட்டது. பின்னாளைய சச்சரவுகள் பலவும் அந்த இடைவெளியிலிருந்து கிளம்பியவை.

மாணவருக்கும் பள்ளிக்கும் இடையிலான இடைவெளியில் மொழி ஒரு பகுதிதான்; வீட்டின் பண்பாடும் அறிவும் இன்னொரு பகுதி. அரிசோனாவின் டூசான் நகரில் லூயிஸ் மோல் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஆசிரியர்களை மெக்சிகோ வம்சாவளி மாணவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்ல அவர்கள் போகவில்லை. விவசாயம், கட்டட வேலை, மூலிகை மருத்துவம் என அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்ததைக் கேட்டறிந்து பாடத்தில் சேர்த்தார்கள். இதைப் பற்றிய மோல் குழுவினரின் கட்டுரை 1992-இல் வந்தது. கறுப்பின மாணவர்களுக்குச் சிறப்பாகக் கற்பித்த ஆசிரியர்களை ஆராய்ந்த குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ், மாணவரின் பண்பாட்டை ஒட்டிய கற்பித்தலுக்கு 1995-இல் கோட்பாட்டு வடிவம் தந்தார்.

சான்பிரான்சிஸ்கோவில் 1990-களில் சீன மொழிவழி அரசுப் பள்ளி ஒன்று தொடங்கி, ஆலிஸ் ஃபாங் யூவின் பெயரைப் பெற்றது. ஆனால் 1998-இல் கலிபோர்னியா வாக்காளர்கள் இருமொழிக் கல்விக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தார்கள். 2016-இல் அதே மாநில வாக்காளர்களே அதை நீக்கினார்கள்.