கண்ணாடிக்கு இப்புறம்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பற்றி விசாரிக்க வருபவர்களிடம் நம் வீட்டுப் பெண்கள், "பெட்டியில் வைத்திருக்கிறார்கள்" என்றுதான் சொல்வார்கள். இன்குபேட்டர் என்னும் பெயர் ஆஸ்பத்திரி வாயிலோடு நின்றுவிட, வீதிக்கும் வீட்டுக்கும் வந்து சேர்வது பெட்டி என்ற சொல்லே. என் மகளுக்கு முப்பத்திரண்டாம் வாரத்திலேயே இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, மூத்தவன் 1,400 கிராமும் இளையவன் 1,150 கிராமுமாக இரண்டு பெட்டிகளில் கிடந்த நாட்களில், நாங்கள் கண்ணாடிக்கு இப்புறம் நின்று, அவர்களுடைய விலா எலும்புகள் ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தோம். தாய்க்கும் சேய்க்கும் நடுவில் இந்தக் கண்ணாடியும் கதவும் எப்போது வந்தன என்று அறியும் ஆவல் அப்போதுதான் எனக்கு உண்டாயிற்று. பெட்டியின் சரித்திரத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். என் மனத்தைப் பற்றிக்கொண்டது கதவின் சரித்திரம்.

பிரான்ஸ் தேசம் 1870-71 யுத்தத்தில் ஜெர்மனியிடம் தோற்று, ஜனத்தொகை பெருகவில்லையே என்ற கவலையில் ஆழ்ந்திருந்த காலத்தில், பாரிஸ் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸ்டெஃபான் டார்னியே என்னும் வைத்தியர் பணிபுரிந்து வந்தார். மிருகக்காட்சிசாலையில் கோழி முட்டைகளைப் பொரிக்க வைத்திருந்த வெப்பப் பெட்டியைக் கண்ட அவர், முட்டைக்கு உதவும் உஷ்ணம் சிசுவுக்கு உதவாதோ என்று சிந்தித்து, அந்தச் சாலையைச் சேர்ந்த ஒடில் மார்த்தேன் என்பவரைக் கொண்டே ஒரு பெரிய மரப்பெட்டியைச் செய்வித்து, 1880-இல் ஆஸ்பத்திரியில் நிறுவினார். கீழ்த்தட்டில் வெந்நீர், மேல்தட்டில் குழந்தைகள், மூடியில் கண்ணாடி. இவ்வளவுதான் அந்த யந்திரம். ஒரு பெட்டிக்குள் பல குழந்தைகளைக் கிடத்த இடம் இருந்தது. 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள சிசுக்களில் நூற்றுக்கு 66 பேர் மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, அந்த எண்ணிக்கை 38 ஆகக் குறைந்தது என்று அந்த ஆஸ்பத்திரியின் கணக்கு கூறுகிறது. குளிர் ஒன்றே எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது என்பதை நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

டார்னியேயின் சீடரான பியேர் புதேன் என்பவரை நான் வணக்கத்துடன் நினைக்கிறேன். 1895-இல் அந்த ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் விடுதியை ஏற்று நடத்தத் தொடங்கிய அவர், உயிர் பிழைத்த குழந்தைகளின் தாய்மார் சிலர் நாளடைவில் வருவதைக் குறைத்துக்கொண்டு, குழந்தையின்மேல் பற்று இழந்துவிடுவதைக் கவனித்தார். பாலூட்டவும் அணைக்கவும் வழியில்லாமல் பிரித்து வைக்கப்பட்ட தாயின் மனமும் பிரிந்துபோகிறது என்று கண்டுகொண்ட அவர், அதைத் தாயின் குற்றமாகக் கருதாமல், தம் ஏற்பாட்டின் குறையாகக் கருதினார். ஆகவே தாய்மாரை வரவழைத்துப் பாலூட்டச் செய்தார். குழந்தைக்குச் சப்பும் பலம் வரும்வரையில் பால் வற்றிவிடாதிருக்க, நிறைமாதக் குழந்தை ஒன்றுக்குப் பாலூட்டி வருமாறு சொன்னார். குழந்தை தாயின் பார்வையிலேயே இருக்கவேண்டும் என்பதற்காகப் பக்கங்களிலும் கண்ணாடி வைத்த பெட்டிகளை விரும்பினார். பின்னாளில் தாயைத் தள்ளி நிறுத்திய அதே கண்ணாடி, முதலில் தாய் காண்பதற்காகவே வந்தது என்பதை வாசகர்கள் மறந்துவிடலாகாது.

அந்த விடுதியில் சப்பத் தெரியாத சிசுக்களுக்குச் சிறு கரண்டியால் பாலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவார்கள். சில சமயம் மூக்குத் துவாரத்தின் வழியாகவே விடுவதும் உண்டு. இதைப் படித்தபோது நம் ஊர்ப் பாலாடை என் நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் குவிந்து அலகுபோல நீண்ட அந்தச் சிறு கிண்ணத்தைப் பாட்டிமார் உதட்டோரத்தில் சாய்த்துப் பிடிக்கும் பாங்கை, இன்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் குறைமாதக் குழந்தைகளுக்குக் கையாளுகிறார்கள்.

இனிச் சொல்லப்போவது விசித்திரமான அத்தியாயம். 1896-இல் பெர்லின் பொருட்காட்சியில் இன்குபேட்டர்களுக்குள் உயிருள்ள குழந்தைகளையே வைத்துக் காட்டினார்கள். இந்தக் காட்சியை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற மார்ட்டின் கௌனி, நியூயார்க்கை அடுத்த கோனி ஐலண்டு என்னும் கடற்கரைக் கேளிக்கைத் திடலில், ராட்டினங்களுக்கும் வித்தைக் கொட்டகைகளுக்கும் நடுவில், 1903 முதல் 1943 வரை ஆண்டுதோறும் அதை நடத்தினார். அவர் முறையாக வைத்தியம் பயின்றவர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் பெற்றோரிடம் ஒரு காசும் வாங்காமல், பார்க்க வருபவர்கள் கொடுத்த 25 சென்ட் கட்டணத்தைக் கொண்டே தாதிமாரையும் பால் கொடுக்கும் செவிலித் தாய்மாரையும் அமர்த்தி, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை அவர் பிழைக்க வைத்தார் என்பர். தலைமைத் தாதி தம் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் குழந்தையின் மணிக்கட்டுக்கு மேலே தள்ளிக் காட்டுவாராம். கூட்டம் மூச்சடக்கி நிற்குமாம்.

1920-இல் புரூக்ளினில் இரட்டைப் பெண்கள் குறைமாதத்தில் பிறந்தனர். ஒன்று பிறப்பிலேயே இறந்தது. மற்றதுவும் நிலைக்காது, ஆதலால் இறந்ததன் அடக்கத்தைச் சற்றுத் தாமதப்படுத்தலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். தகப்பனார் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உயிரோடிருந்த குழந்தையைத் துணியில் சுற்றி, ஒரு டாக்சியை அமர்த்திக்கொண்டு கோனி ஐலண்டுக்கு விரைந்தார். ஏறக்குறைய ஆறு மாதம் அங்கே வளர்ந்த அந்தப் பெண், தம் தொண்ணூற்றாறாம் வயதில் 2017-இல்தான் காலமானார். அவர் பத்தொன்பது வயதில் அந்தக் கொட்டகைக்குச் சென்று தம்மை அறிமுகம் செய்துகொண்டபோது, பெட்டியருகில் கலங்கி நின்ற ஒரு தகப்பனாரை அழைத்து, உங்கள் குழந்தையும் இப்படி வளரும் என்று கௌனி அந்தப் பெண்ணைக் காட்டினாராம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் காசால் குழந்தைகளைக் காப்பாற்றவேண்டியிருந்தது என்பதற்காக வெட்கப்பட வேண்டியவர்கள், கதவை அடைத்துக்கொண்ட அக்காலத்து ஆஸ்பத்திரிகளே என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் கௌனியின் கொட்டகையிலும் தாய்க்கு இடமில்லை. இலவச அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். வந்து பார்த்துப் போகலாம், தொடலாகாது. குழந்தை தேறியபின் வீட்டுக்கு அழைத்துச் செல்லும்படி பெற்றோரை இணங்க வைப்பதே சில வேளைகளில் பெரும்பாடாயிற்று என்று படிக்கிறோம். புதேன் கண்டு வருந்திய அதே பிரிவுதான் இங்கும் முளைத்தது.

சிகாகோவில் ஜூலியஸ் ஹெஸ் என்னும் குழந்தை வைத்தியர் 1922-இல் குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியை ஏற்படுத்திய பிறகு, அமெரிக்க ஆஸ்பத்திரிகள் மெல்ல மெல்ல இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டன. தொற்று நோய்க்கு அஞ்சிக் குழந்தையை இயன்றவரை தொடாதிருப்பதே சிகிச்சை என்றாயிற்று. தாயின் கையும் அந்த விலக்கில் அடங்கிற்று. நல்லெண்ணத்தோடு செய்ததும் தீங்காய் முடிவதுண்டு என்பதற்கு வேறோர் உதாரணமும் அக்காலத்தில் உண்டு. பெட்டிக்குள் தாராளமாகச் செலுத்திய பிராணவாயு ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கண்களைப் பறித்தது. காரணம் ஐயத்துக்கிடமின்றித் தெளிவானது 1950-களின் நடுவில்தான்.

கதவு சிறிது திறந்தது கலிபோர்னியாவில். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர்கள், தாய்மாரைக் கை கழுவச் செய்து உள்ளே விட்டு, அதனால் தொற்று அதிகரிக்கவில்லை என்பதையும், பிரிவு தாயின் நெஞ்சை எவ்வாறு வாட்டுகிறது என்பதையும் 1970-இல் எழுதி வெளியிட்டார்கள். யாரும் வாதாடி வெல்ல முடியாதிருந்த ஒரு வழக்கத்தை, சோப்பும் தண்ணீரும் தோற்கடித்தன.

முழுமையாகத் திறந்ததோ, யந்திரங்கள் போதாத ஓர் ஏழை ஆஸ்பத்திரியில். கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில், தாய் சேய் ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று சிசுக்கள் ஒரே பெட்டியில் நெருக்குண்டு கிடந்து, ஒன்றின் நோய் மற்றொன்றுக்குப் பரவி மடிந்தன. கைவிடப்பட்ட குழந்தைகளும் பல. இந்த நெருக்கடியில் 1978-இல் எட்கர் ரேய் சனாப்ரியா என்னும் வைத்தியர், பெட்டி இல்லாவிட்டால் தாயே பெட்டியாகட்டும் என்று துணிந்தார்; அடுத்த ஆண்டில் எக்டர் மார்ட்டினெஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். குழந்தைக்குக் குல்லாயும் இடுப்புத் துணியும் மட்டும் அணிவித்து, தாயின் வெற்று மார்பின் நடுவே நிமிர்த்தி வைத்து, முழங்கால்கள் தவளைபோல மடங்கியிருக்க, மேலே ஒரு துணியை வரிந்து கட்டிவிடுவார்கள். இரவிலும் பிரிப்பதில்லை, தாய் தலையணைகளில் சாய்ந்து பாதி உட்கார்ந்தபடி உறங்குவாள். தாய்க்கு அலுப்புத் தட்டினால் தகப்பன் ஏற்றுக்கொள்வான். எத்தனை கிராம் ஏறியது என்று காத்திராமல், நிலை சீரானதும் அப்படியே கட்டிய கோலத்தில் வீட்டுக்கு அனுப்பி, அடிக்கடி வரவழைத்துப் பரிசோதித்தார்கள். கங்காரு முறை என்று உலகம் இதை அழைக்கிறது.

இதை வறியவர்களின் மாற்று உபாயம் என்று செல்வ நாடுகள் நெடுங்காலம் ஒதுக்கின. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2021-இல் வெளியாயிற்று. நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்த உடனேயே மார்பில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் முதல் 28 நாளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 12. வழக்கமான முறையில் ஏறக்குறைய 16. 1880-இல் பாரிஸில் பெட்டி காத்த உயிர்களை எண்ணியதுபோலவே, இப்போது தாயின் மார்பு காத்த உயிர்களையும் எண்ணிப் பார்த்துவிட்டார்கள்.

இரட்டைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதிலும் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பிறப்பு ஒரு நாளில் வந்தாலும் வீடு திரும்பும் நாள் இருவருக்கும் ஒன்றாக வாய்ப்பதில்லை. எங்கள் மூத்தவன் இளையவனுக்குப் பதினேழு நாள் முந்தி வீட்டுக்கு வந்துவிட்டான். அந்தப் பதினேழு நாளும் என் மகள், ஒரு பிள்ளைக்கு வீட்டில் பால் கொடுத்துவிட்டு, மற்றொரு பிள்ளைக்குப் பால் பீய்ச்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எங்கிருந்தாலும் அவள் காது மற்ற இடத்திலேயே இருந்தது. இரண்டாவது பெட்டியும் காலியாகி, இளையவன் வந்து சேர்ந்த இரவில், மகளும் மருமகனும் கூடத்துச் சுவரில் தலையணைகளைச் சாய்த்து உட்கார்ந்து, ஆளுக்கொரு பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டார்கள். மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் எல்லோருக்கும் வியர்த்தது. மருமகனின் மார்பில் இருந்தவனுக்கு விக்கல் எடுத்தது. அவர் அசையவே அஞ்சி, கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தார்.

என் மனைவி, தன் தாயார் கொடுத்த வெள்ளிப் பாலாடையை வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்துவந்து, "பெரியவனுக்கா, சின்னவனுக்கா, யாருக்கம்மா முதலில்?" என்று கேட்டாள்.

"யார் அழுகிறானோ அவனுக்கு," என்றாள் மகள். இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.