நடுநகரத்தின் கதை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குப் பகுதியிலே, இந்தியானா மாநிலத்தின் கிழக்குப் பாகத்தில், மன்சி என்னும் நகரம் ஒன்று உண்டு. பெரும் போர்க்களம் என்று சொல்லத்தக்க இடம் எதுவும் அங்கே இல்லை. நாட்டை ஆண்ட சனாதிபதி எவரும் அங்கே பிறந்ததுமில்லை. சோளவயல்கள் சூழ்ந்த சமவெளியில், தொழிற்சாலைப் புகையின் நடுவே, வைகறையில் எழுந்து வேலைக்குச் சென்று, ஞாயிறுதோறும் தேவாலயம் சென்று வாழ்ந்த மக்களின் ஊர் அது. ஆயினும் அமெரிக்காவின் சமுதாய வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வூரைத் தவிர்த்துச் செல்ல முடியாது. சாதாரணமாக இருந்தமையே அதன் புகழுக்குக் காரணமாயிற்று. அந்தச் சாதாரணம் என்ற சொல்லுக்குள் அடங்கியோர் யாவர், விடுபட்டோர் யாவர் என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

1886ஆம் ஆண்டளவில் இப்பகுதியிலே பூமிக்கடியிலிருந்து இயற்கை வாயு பெருகிற்று. அதுவரை சுற்றுப்புற விவசாயிகளின் சந்தைப் பட்டினமாக இருந்த மன்சியின் போக்கு ஓரிரு ஆண்டுகளில் மாறிவிட்டது. எரிபொருளைக் காட்டி நகரத்தார் தொழிலதிபர்களை வருந்தி அழைத்தனர். நியூயோர்க் மாநிலத்துப் பபலோ நகரில் தங்கள் கண்ணாடித் தொழிற்சாலையைத் தீக்கு இரையாகக் கொடுத்திருந்த போல் சகோதரர், 7 ஏக்கர் நிலமும் 5,000 டொலரும் வாயுக் கிணறும் தருவதாக மன்சி நகரத்தார் கூறிய வாக்கை ஏற்று அங்கே வந்தனர். 1888இல் அவர்களுடைய உலை மூண்டது. காய்கனிகளை மாரிகாலத்துக்கெனப் பதப்படுத்தி வைக்கும் கண்ணாடிச் சாடிகள் அங்கிருந்து நாடெங்குமுள்ள அடுக்களைகளுக்குச் சென்றன. வாயு ஒருநாளும் வற்றாது என்று நம்பிய மக்கள், தீச்சுடர்களைப் பகலிலும் அணைக்காது எரியவிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளுக்குள் வாயு தீர்ந்தது. எனினும் தொழில்கள் வேரூன்றிவிட்டன. 1890இல் ஏறத்தாழ 11,000 ஆக இருந்த சனத்தொகை 1920இல் 36,000ஐக் கடந்தது.

இந்நகருக்கு 1924ஆம் ஆண்டு சனவரியில் றொபேட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்னும் தம்பதியர் வந்து சேர்ந்தனர். சிறு நகரம் ஒன்றின் சமய வாழ்வை ஆராய்வதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. ஆனால், தேவாலயத்தில் நடப்பதை அறிய வேண்டுமாயின் தொழிற்சாலையிலும் வீட்டிலும் பள்ளியிலும் நடப்பதையும் அறிதல் வேண்டும் என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். ஒன்றரை ஆண்டுகள் அவ்வூரிலேயே ஆய்வு நடத்தி, 1890ஆம் ஆண்டின் வாழ்வைத் தம் காலத்து வாழ்வோடு ஒப்பிட்டனர். 1929இல் வெளியான நூலில் ஊரின் பெயரை மறைத்து, "மிடில்டவுன்", அதாவது நடுநகரம், என்று அதற்குப் பெயரிட்டனர்.

அந்நூலின் சிறப்பு, பிறர் சிறியவை என்று ஒதுக்கிய விடயங்களை எண்ணிக் கணக்கிட்டமையாகும். விடியற்காலையில் எவ்வீட்டில் முதலில் விளக்கு எரிகிறது என்று பார்த்தார்கள். தொழிலாளர் குடும்பத்து மனைவியர் 112 பேரில் 48 பேர் ஐந்து மணிக்கோ அதற்கு முன்னரோ எழுந்தனர். வர்த்தகர் குடும்பத்து மனைவியர் 40 பேரில் ஆறு மணிக்கு முன் எழுந்தவர் ஒருவருமில்லை. ஓர் ஊருக்குள் இரண்டு உலகங்கள் இருந்தன என்பதை இக்கணக்கு ஒன்றே காட்டிவிடுகிறது.

மோட்டார் வண்டியின் வருகையையும் அவ்வாறே அளந்தனர். 1923இன் இறுதியில் அந்நகரில் 6,221 மோட்டார் வண்டிகள் ஓடின. பழுதடைந்த வீடுகளில் வாழ்ந்தபடியே வண்டி வாங்கிய தொழிலாளர் குடும்பங்கள் 26இல், 21 குடும்பங்களின் வீட்டிலே குளிக்கும் தொட்டி இல்லை. வீட்டு வசதியிலும் மேலாக வண்டியை அவர்கள் விரும்பினர். ஞாயிறு காலையில் தேவாலயத்துக்குச் சென்றவர்கள் ஊர் சுற்றப் புறப்பட்டனர். பிள்ளைகள் பெற்றோரின் பார்வைக்கு அப்பால் சென்றனர்.

1935இல், பொருளாதார வீழ்ச்சியின் மத்தியில், றொபேட் லிண்ட் மீண்டும் மன்சிக்கு வந்தார். 1937இல் வெளியான இரண்டாவது நூலில் போல் குடும்பத்தாரைப் பெயர் குறியாது "எக்ஸ் குடும்பம்" என்று சுட்டினர். தொழிற்சாலை, வங்கி, கல்லூரி, வைத்தியசாலை, பெருங்கடை என எங்கு திரும்பினும் அக்குடும்பத்தின் கை இருந்தது. அக்கை கொடுத்து உதவிய கை என்பதையும், ஊரைப் பிடித்துவைத்திருந்த கை என்பதையும் நூல் ஒருங்கே எடுத்துரைத்தது.

இவ்வளவு நுணுக்கமாக எண்ணியவர்கள் ஒரு கூட்டத்தாரை எண்ணாது விட்டனர் என்பதே வியப்புக்கும் வருத்தத்துக்கும் உரியது. ஒப்பீடு எளிதாக அமைய வேண்டுமென்று கருதி, நாட்டிற் பிறந்த வெள்ளையர் குடும்பங்களையே லிண்ட் தம்பதியர் தம் கணக்குக்கு எடுத்துக்கொண்டனர். அக்காலத்தில் மன்சியின் மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர் கறுப்பினத்தவர். சிக்காகோ, நியூயோர்க், டிட்ரோயிற் ஆகிய பெருநகரங்களில் 1920இல் இருந்த விகிதத்திலும் இது அதிகமாகும்.

அம்மக்களின் வாழ்வு அமைதியான வாழ்வு அன்று. 1920களில் கூ குளுக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் இனவெறி இயக்கம் மன்சியில் வேரூன்றியிருந்தது. அதனைத் தம் பத்திரிகையில் இடைவிடாது எதிர்த்த ஜோர்ஜ் டேல், நீதிமன்றத்தை அவமதித்தார் எனத் தண்டிக்கப்பட்டார். பின்னர் 1929இல் நகர முதல்வராகத் தெரிவானார். 1930ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில், அயல் நகரமான மரியனில், கறுப்பின இளைஞர் இருவரை வெறிகொண்ட கூட்டம் தூக்கிலிட்டுக் கொன்றது. உடல்களைப் பதப்படுத்தி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்ய, மன்சியிலுள்ள ஷாபர் ஆலயத்தின் போதகர் அவற்றைத் தம் ஊருக்கு எடுத்து வந்தார். அக்கூட்டம் அங்கும் வரக்கூடும் என்ற அச்சத்தில் கறுப்பின மக்கள் காவல் நின்றனர். விடியலில் எழுந்தோரைக் கணக்கிட்ட அந்த 112 வீடுகளில் இவர்களுடைய வீடு ஒன்றும் சேர்ந்ததில்லை. அவர்கள் விழித்திருந்த இரவை அவர்களே பின்னர் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.

அப்பணிக்கு முன்னின்றவர் ஹேளி குடோல். 1958இல் நகரத் தீயணைப்புப் படையில் சேர்ந்த முதற் கறுப்பினத்தவர்களுள் ஒருவரான இவர், பிற்காலத்தில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். பழைய படங்களையும் பத்திரங்களையும் நினைவுகளையும் பல்லாண்டுகள் தேடிச் சேர்த்து, 1976இல் மன்சியின் கறுப்பின மக்களின் வரலாற்றை இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். 2004இல், போல் மாநிலப் பல்கலைக்கழக மாணவரும் அம்மக்களும் சேர்ந்து உருவாக்கிய "நடுநகரத்தின் மறுபக்கம்" என்ற கருத்துடைய தலைப்பைக் கொண்ட நூல் வெளிவந்தது. அதில் அம்மக்கள் ஆராயப்படும் பொருளாக மட்டும் நிற்கவில்லை, ஆராய்வோராகவும் இருந்தனர்.

மன்சியில் கண்ணாடிச் சாடி செய்யும் தொழில் 1962இல் நின்றது. போல் கம்பனியின் தலைமையகம் 1998இல் கொலராடோ மாநிலத்துக்குச் சென்றது. கம்பனி போனபின்னும் போல் என்ற பெயர் பல்கலைக்கழகத்தில் நிலைத்திருக்கிறது.

நேயர்களே, சாதாரண மக்களின் வாழ்வும் வரலாறே என்பதை உலகுக்கு உணர்த்திய பெருமை லிண்ட் தம்பதியருக்கு உரியது. அதனை மறுப்பது நன்றியன்று. ஆயினும், ஓர் ஊரைச் சாதாரணம் என்று அழைக்கும்போதே, அதற்குள் யாரைச் சேர்ப்பது என்ற தீர்ப்பும் சொல்லப்பட்டுவிடுகிறது. அத்தீர்ப்பைத் திருத்தியவர்கள் வெளியூரிலிருந்து வந்த அறிஞர்கள் மாத்திரமல்லர். அவ்வூரின் கணக்கில் விடுபட்டவர்களே, தங்கள் பெட்டிகளில் பத்திரப்படுத்திய படங்களையும் தங்கள் நெஞ்சில் பத்திரப்படுத்திய நினைவுகளையும் கொண்டு, தங்கள் பக்கத்தைத் தாங்களே எழுதிச் சேர்த்தனர்.