இன்ஜின் இல்லாத விமானமும் சில மாணவர்களும்

கோடை லீவில் பிள்ளைகளுக்கு விமானம் ஓட்டிக் காட்டும் முகாம்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மூத்த அண்ணன் ஜெர்மனியில் ரோன் மலைத்தொடரில் இருக்கிறது. வாஸர்குப்பே என்று பெயர், உயரம் 950 மீட்டர். காற்றாலை இறக்கை செய்கிற தொழிலில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறவன் என்ற முறையில் எனக்கும் அந்த மலையோடு ஒரு தூரத்து உறவு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

1911-ல் டார்ம்ஸ்டாட் நகரத்துப் பள்ளிப் பையன்கள் சிலர் தாங்களே செய்த கிளைடர்களோடு அங்கே போனார்கள். மறு வருடம் அவர்களில் ஹான்ஸ் குட்டர்முத் 838 மீட்டர் பறந்தார். நேரம் 1 நிமிடம் 52 விநாடி, அவ்வளவுதான். அப்புறம் முதல் உலகப் போர் வந்துவிட்டது.

போரில் தோற்ற ஜெர்மனிக்கு விமானப்படையே கூடாது என்றது 1919 வெர்சாய் ஒப்பந்தம். விமானம் தயாரிக்கவும் தடை. ஆனால் இன்ஜின் இல்லாத கிளைடரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை! 'ஃப்ளூக்ஸ்போர்ட்' பத்திரிகை ஆசிரியர் ஓஸ்கார் உர்சினுஸ் 1920 கோடையில் எல்லோரையும் மலைக்குக் கூப்பிட்டார். வந்தவர்களில் நிறையப் பேர் இன்ஜினியரிங் மாணவர்கள். அந்த ஆகஸ்டிலேயே ஓய்கன் ஃபான் லோஸ்ல் என்பவர் கிளைடரோடு விழுந்து இறந்தார். ஆனாலும் முகாம் கலையவில்லை. செப்டம்பரில் ஆகன் கல்லூரியின் கிளெம்பரர் 2 நிமிடம் 22 விநாடி பறந்தார். பேராசிரியர் ஃபான் கார்மனின் உதவியாளர் அவர்.

1922-ல் ஹனோவர் மாணவர்கள் 'வாம்பயர்' என்ற கிளைடரைக் கொண்டுவந்தார்கள். (ஒரு ரயில் பெட்டித் தொழிற்சாலைதான் அதைக் கட்டிக் கொடுத்தது. எல்லாமே சொந்தக் கை வேலை என்று அளக்கக் கூடாது.) இறக்கையின் முன்பக்கத்தை ஒட்டுப்பலகையால் மூடிக் குழாய் மாதிரி ஆக்கியிருந்தார்கள். முறுக்கத்தை அது தாங்கிக்கொள்ளும், பின்பக்கம் வெறும் துணி போதும். சக்கரத்துக்குப் பதில் மூன்று பந்துகள்!

கிளப்புகிற விதம் நம் ஊர் கவண் மாதிரிதான். ரப்பர் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு ஆட்கள் சரிவில் ஓடுவார்கள். கிளைடர் எப்போதும் கீழேதான் சறுக்கும், ஆனால் சரிவில் மோதி மேலேறும் காற்று அதைவிட வேகமாக ஏறினால் விழாது. ஆகஸ்ட் 18 அன்று மார்ட்டென்ஸ் என்ற மாணவர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மேலேயே இருந்தார். சில நாளில் அவருடைய நண்பர் ஹென்ட்ஸென் 3 மணி நேரத்தைத் தாண்டினார்.

அடுத்து நடந்தது நல்ல கதை இல்லை. 1933-க்குப் பிறகு நாஜி அரசு கிளைடர் சங்கங்களைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டது. பதின்வயதுப் பையன்களைக் கிளைடரில் பழக்கி விமானப்படைக்கு அனுப்பியது. பறக்க ஆசைப்பட்ட அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் வீடு திரும்பினார்களோ!

இப்போது அந்த உறவு விஷயம். 1957-ல் ஸ்டுட்கார்ட் மாணவர் குழுவிலிருந்து கிளம்பிய 'ஃபீனிக்ஸ்', கண்ணாடி இழையால் ஆன முதல் கிளைடர். அதே வருடம் உல்ரிச் ஹ்யூட்டர் என்ற பழைய கிளைடர் வடிவமைப்பாளர் 34 மீட்டர் விட்டமுள்ள 100 கிலோவாட் காற்றாலைக்குக் கண்ணாடி இழையில் இறக்கை செய்தார். இன்றைக்கு முப்பந்தலில் சுற்றும் இறக்கைகளுக்கு அதுதான் பாட்டன். நாங்கள் தினமும் அச்சில் விரிக்கிற துணி அந்த வம்சம்தான்.

அந்த மாணவர் குழுக்கள் இன்றும் இருக்கின்றன, கிளைடரும் கட்டுகின்றன. நம்ம கல்லூரி ஒர்க்‌ஷாப்போ பரீட்சை முடிந்தால் பூட்டு, ஜூலையில்தான் சாவி. இந்தக் கோடைக்கு அந்தச் சாவியைச் சங்கத்தின் மூலம் கேட்கலாம் என்று இருக்கிறேன். படிக்கிற தம்பி, தங்கைகளில் பத்துப் பேர் வந்தால் போதும். ஆள் ஏறுகிற கிளைடர் எல்லாம் வேண்டாம், 2 மீட்டர் மாடலில் ஆரம்பிப்போம். ரப்பர் கயிறு என் செலவு.