வேக தெய்வத்தின் அலமாரி

சரித்திரம் என்றால் ராஜாக்களின் கதை என்பார்கள். எனக்குப் பிடித்த சரித்திரமொன்று, நியூஜிலாந்தின் இன்வர்கார்கில் ஊரில் ஒரு கொட்டகையில் நடந்தது.

பர்ட் மன்ரோ என்ற வாலிபர் 1920-ல் 'இந்தியன் ஸ்கவுட்' மோட்டார் சைக்கிள் வாங்கினார். அது மணிக்கு 55 மைல்தான் போகும். அவருக்கு அது போதவில்லை. புது வண்டி வாங்கவோ பணமில்லை. இருந்ததையே பிரித்தார், பூட்டினார், ஓட்டினார். உடைந்தால் மறுபடி பிரித்தார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து உலோகத்தை உருக்கி ஊற்றி, பிஸ்டன்களைத் தாமே வார்த்துக்கொண்டார். உடைந்த பாகங்களை அலமாரியில் அடுக்கி, வேக தெய்வத்துக்குக் காணிக்கை என்று எழுதியும் வைத்தார்.

1967-ல், 68 வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் அதே வண்டியில் மணிக்கு 183 மைலைத் தாண்டி உலக சாதனை படைத்தார்.

சாதனைப் பட்டியலில் அந்த எண் மட்டுமே இருக்கிறது. அதற்காக அவர் 47 வருஷம் கொடுத்த விலையை நான் அந்த அலமாரியில்தான் காண்கிறேன்.